முன்பாரம், பின்பாரம்

போர்ட் அகஸ்டாவில் தொடங்கி நார்ஸ்மனில் முடிகிற ஏர் நெடுஞ்சாலை ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவின் தென்கரையை ஒட்டிக் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் தார்ச்சாலை இது ஒன்றுதான். 1841-இல் எட்வர்ட் ஜான் ஏர் என்ற ஆங்கிலேயர், வைலி என்ற பழங்குடி இளைஞரின் துணையோடு, தண்ணீருக்குத் தவித்தபடி இந்தக் கரையோரமாகவே மேற்கே போய்ச் சேர்ந்தார். அவர் பெயர்தான் சாலைக்கு. முழு நீளத்துக்கும் தார் போட்டு முடித்தது 1976-இல். வழியில் குறுக்கிடுவது நல்லார்பர் சமவெளி. சுமார் இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர் சுண்ணாம்புப் பாறை. ஆறு கிடையாது. நடுப்பகுதியில் மரமும் கிடையாது. காற்றை மறிக்க ஒரு மேடுகூடக் கிடையாது.

ஆகஸ்ட் மாதம் அந்தச் சாலையில் போனோம். அத்தான் ஓட்டினார். அக்கா அவர் பக்கத்தில். பின்னிருக்கையில் நான். எங்களுக்குப் பின்னால் கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் அடங்கிய இருபதடிக் கேரவன் ஒன்று இரட்டை அச்சில் உருண்டு வந்தது. நான் பார்க்கப் போனது திமிங்கிலத்தையும் கடலோரப் பாறை விளிம்பையும். எழுத உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்பது அந்தக் கேரவன்தான். ஒரு காருக்குப் பின்னால் இவ்வளவு பெரிய எடை நேராக வருவது தானாக நடக்கிற காரியம் இல்லை என்பதை இந்தப் பயணத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அத்தான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். அடிலெய்டில் குடியேறிப் பல வருடம் ஆகிறது. புறப்படுவதற்கு முந்தின நாள், பெட்டி படுக்கை, தண்ணீர், அரிசி மூட்டை எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, “வா மாப்ளே, எடை போட்டுட்டு வருவோம்” என்றார். ஊர் ஓரத்தில் தானிய லாரிகள் ஏறி இறங்கும் பொது எடைமேடை. முதலில் கேரவனின் சக்கரங்கள் மட்டும் மேடைமேல் நிற்க, காரோடு கோத்தபடியே ஓர் எடை: 2,280 கிலோ. பிறகு கொண்டியைக் கழற்றி, முன்காலை ஊன்றி, கேரவனைத் தனியாக நிறுத்தி இன்னோர் எடை: 2,540. இரண்டுக்கும் வித்தியாசம் 260 கிலோ.

அந்த 260 எங்கே போனது? காரின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் எஃகுக் குமிழின்மேல் உட்கார்ந்திருந்தது. டோ பால் என்கிறார்கள். கேரவனின் மூக்கு அதன்மேல்தான் கவிழ்கிறது. மூக்கு எவ்வளவு கனத்தோடு அழுத்துகிறது என்பதுதான் இந்த விஷயத்தின் அடிப்படைக் கணக்கு. ஆஸ்திரேலியாவில் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் பத்து முதல் பதினைந்து சதவீதம் என்பார்கள். ஐரோப்பாவில் கேரவன்கள் இலகுவானவை, பெரும்பாலும் ஒற்றை அச்சு. அங்கே இதைவிடக் குறைவாகவே வைக்கிறார்கள், வேகமும் குறைவு. ஜெர்மனியில் சாதாரணமாக 80 கிலோமீட்டர்தான்; தகுதிச் சான்று பெற்ற வண்டிக்கு மட்டும் நெடுஞ்சாலையில் 100.

எங்களுடையது பத்துக்குச் சற்று மேல். அத்தானுக்குத் திருப்தி. “எங்க அப்பா பருத்திப் பொதி ஏத்தும்போது இதைத்தான் சொல்லுவாரு. முன்பாரமா போச்சுன்னா மாட்டுக் கழுத்து இறங்கிரும். பின்பாரமா போச்சுன்னா நுகத்தடி மேல தூக்கி வண்டி குடைசாஞ்சிரும். கொஞ்சம் முன்பாரம் இருக்கணும். அவ்வளவுதான் கணக்கு.”

கரிசல்காட்டு இரட்டைமாட்டு வண்டிக்கும் அடிலெய்டுக் கேரவனுக்கும் கணக்கு ஒன்றுதான். வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. மாட்டு வண்டி நடக்கிற வேகத்தில் போவது. பின்பாரமானால் உடனே தெரிந்துவிடும், இறங்கிச் சரிசெய்யலாம். கேரவனில் பின்பாரம் 60 கிலோமீட்டரில் தெரியாது. 80-இல் லேசாகக் காட்டும். அது முழுதாகத் தெரியவரும்போது இறங்க நேரம் இருக்காது.

போர்ட் அகஸ்டா, கிம்பா, செடுனா என்று முதல் ஊர்கள் கோதுமை வயல்களுக்கு நடுவே கடந்தன. கிம்பாவில் எட்டு மீட்டர் உயரக் கலாக் கிளிச் சிலைக்கு முன்னால் எல்லோரும் படம் எடுப்பார்கள், நாங்களும் எடுத்துக்கொண்டோம். செடுனாவுக்கு அப்பால் பெனாங்கில் பழைய காற்றாலைகளை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வேலி குறையத் தொடங்கியது.

சாலையில் 110 வரை போகலாம். அத்தான் 90-ஐத் தாண்டவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் எங்களைக் கடந்து போனார்கள். ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை இங்கே என் சொற்களில் தருகிறேன், ஏனென்றால் கேரவன் இழுக்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி அது.

பின்வண்டி குமிழை மையமாக வைத்து இடமும் வலமும் திரும்பக்கூடியது. காற்றோ, பள்ளமோ, திடீர்த் திருப்பமோ அதை ஒரு பக்கம் தள்ளுகிறது. தள்ளியதும் அதன் டயர்கள் சாலையைக் கோணலாக மிதிக்கின்றன. அந்தக் கோணல்தான் எதிர்விசையைக் கொடுத்து அசைவை அடக்குகிறது. இங்கேதான் சிக்கல். பக்கவாட்டில் நகரும் வேகம் அதே அளவில் இருக்க, முன்னோக்கிப் போகும் வேகம் இரட்டிப்பானால் அந்தக் கோணல் பாதியாகிவிடும். அடக்கும் விசையும் அதற்கேற்பக் குறையும். அதாவது வேகம் கூடக் கூட, ஆட்டத்தைத் தணிக்கும் திறன் தேய்ந்துகொண்டே போகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அது பூஜ்யமாகிவிடும். அதற்குமேல் ஒவ்வோர் ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிதாக வரும். ஓட்டுநர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த எல்லையை மாற்ற முடியாது. அதை நிர்ணயிப்பது பாரம் எங்கே இருக்கிறது என்பதும், வண்டியின் அமைப்பும்தான்.

இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தில் சோதனை டிரெய்லர் ஒன்றைக் கட்டி, எடையை முன்னும் பின்னும் நகர்த்தி ஓட்டிப் பார்த்தார்கள். மூக்கின் கனம், அச்சு இருக்கும் இடம், எடை எவ்வளவு தூரம் பரந்து கிடக்கிறது என்பவைதான் அதிவேகத்தில் பெரும்பங்கு வகிப்பவை என்று கண்டார்கள். வீட்டு ட்ரெட்மில்லிலேயே இதைக் காட்டலாம். பொம்மைக் காரும் அதன் பின்னால் ஒரு சிறு டிரெய்லரும் ஓடும். டிரெய்லரில் எடையை முன்னால் வைத்து விரலால் தட்டினால், இரண்டு ஆட்டம் ஆடி நின்றுவிடும். அதே எடையைப் பின்னால் வைத்துத் தட்டினால், ஆட்டம் வளர்ந்து காரையும் சேர்த்துச் சுழற்றிக் கவிழ்த்துவிடும். வேகம் அதே வேகம், எடை அதே எடை. மாறியது இடம் மட்டும்.

மூக்குக் கனம் சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். முன்கோடியில் நூறு கிலோ, பின்கோடியில் நூறு கிலோ என்று வைத்தாலும் மூக்குக் கனம் கணக்குக்குச் சரியாக வந்துவிடலாம். ஆனால் அந்த வண்டி ஆடத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். சுழற்சியில் எடையின் வலிமை, மையத்திலிருந்து உள்ள தூரத்தின் இருமடிக்கேற்ப ஏறும். அச்சிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கும் பொருளை மூன்று மீட்டருக்குத் தள்ளிவைத்தால், சுழலும்போது அது ஒன்பது மடங்கு அடம்பிடிக்கும். கேரவனின் பின்கம்பியில் இரண்டு உபரிச் சக்கரம், சைக்கிள்கள், கருவிப்பெட்டி என்று மாட்டிக்கொண்டு போகிற வண்டிகளை வழிநெடுகப் பார்த்தேன். இட வசதிக்காகச் செய்வது. மிகவும் ஆபத்தான வசதி அது. கனமானது எல்லாம் அச்சுக்கு மேலே, தரையோடு தரையாக இருக்க வேண்டும். அக்கா அரிசியையும் பருப்பையும் கட்டிலுக்கு அடியில், சக்கரங்களுக்கு நேர் மேலே வைத்திருந்தாள். மேலலமாரியில் அப்பளமும் துணியும்தான்.

நல்லார்பர் ரோடுஹவுஸ் என்ற வழியோர விடுதியைச் சேர்வதற்கு முன்னால் ஹெட் ஆஃப் பைட். பாறை விளிம்பில் கட்டிய மரப்பாதையிலிருந்து கீழே பார்த்தால், தாய்த் திமிங்கிலங்கள் குட்டிகளோடு மிதந்துகொண்டிருந்தன. அன்டார்ட்டிகா பக்கத்திலிருந்து குளிர்காலத்தில் ஈனுவதற்காக இங்கே வருபவை. அக்கா வெகுநேரம் நகரவே இல்லை. அங்கிருந்து மாநில எல்லை வரை, சாலைக்கு இடப்பக்கம் பண்டா செங்குத்துப் பாறைகள். நிலம் கத்தியால் அறுத்ததுபோல முடிந்து, கீழே தென்கடல் அறைகிறது.

அந்தக் கடலிலிருந்து வருகிற காற்றுக்குத் தடை இல்லை. கேரவனின் பக்கச்சுவர் ஒரு சிறு வீட்டின் சுவர் அளவு. சமமான காற்று அடித்துக்கொண்டே இருந்தால் வண்டி அதற்குப் பழகிவிடும். விட்டுவிட்டு அடிக்கும் காற்றுதான் ஆட்டத்தைத் தொடக்கிவைப்பது. அதோடு சேர்ந்தது ரோடு டிரெயின் எனப்படும் தொடர்லாரிகள். இந்தச் சாலையில் 36.5 மீட்டர் நீளம் வரை வருகின்றன. அது கடக்கும்போது அதன் மூஞ்சிக்கு முன்னால் திரண்ட காற்று முதலில் நம் கேரவனை வெளியே தள்ளும். அடுத்த கணம் அதன் பக்கவாட்டில் உண்டாகும் தாழ்வழுத்தம் உள்ளே இழுக்கும். ஒரு தள்ளு, ஒரு இழுப்பு. ஆட்டத்துக்கு இதைவிட வேறு தூண்டுதல் தேவையில்லை. அதனால்தான் கேரவன்காரர்கள் யுஎச்எஃப் வானொலியை எப்போதும் திறந்து வைத்திருக்கிறார்கள். 40-ஆம் அலைவரிசையில் லாரிக்காரர், “கேரவன், உன் பின்னால் வருகிறேன்” என்பார். அத்தான் ஆக்சிலேட்டரைச் சற்றே தளர்த்தி, “வாங்க, வழி இருக்கு” என்று ஆங்கிலத்தில் பதில் சொல்வார். அந்த இரண்டு வாக்கியப் பேச்சு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று அங்கே போனால்தான் தெரியும்.

எல்லைக் கிராமத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் தாவர நோய்த் தடுப்புச் சாவடி. பழம், காய்கறி, தேன் எதுவும் உள்ளே போகக் கூடாது. அக்கா முந்தின இரவே மீதிக் கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் சாம்பாராக்கி முடித்திருந்தாள். சாவடியிலிருந்து 12 கிலோமீட்டரில் யூக்ளா. அங்கே 1877-இல் திறந்த தந்தி நிலையத்தை மணல்மேடு விழுங்கிக்கொண்டிருக்கிறது. கல்சுவர்கள் பாதி மூழ்கி நிற்கின்றன. யூக்ளாவின் இறக்கத்தில் மேட்டுநிலம் முடிந்து ரோ சமவெளி தொடங்குகிறது. சாலை தட்டையாக, நேராக, கடலுக்கு இணையாக மேற்கே போகிறது.

அங்கேதான் நடந்தது. எதிரே ஒரு தொடர்லாரி வந்தது. தெற்கிலிருந்து காற்று விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. லாரி எங்களைக் கடந்த நொடியில் காரின் பின்புறத்தை யாரோ கையால் நெட்டியதுபோல் இருந்தது. நான் பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். இழுவைக்காக நீட்டிப் பொருத்திய கண்ணாடி அது. அதில் எப்போதும் கேரவனின் விளிம்பு ஒரு வெள்ளைக் கோடாகத்தான் தெரியும். இப்போது கோடு பட்டையாகியது. பட்டை அகன்று, ஜன்னல் தெரிந்து, மறுபடி சுருங்கிக் காணாமல் போய், எதிர்ப்பக்கக் கண்ணாடியில் அகன்றது. ஒன்றரை, இரண்டு நொடிக்கு ஒரு முறை இடமும் வலமும். ஸ்டியரிங் இலகுவாகிவிட்டது என்று அத்தான் பிறகு சொன்னார். காரின் முன்பக்கம் சாலையைப் பிடிக்காததுபோன்ற உணர்வு.

அவர் பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை எதிர்த்திசையில் திருப்பவும் இல்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தார். இடக்கைக் கட்டைவிரலால் டாஷ்போர்டில் இருந்த சிறு குமிழ் ஒன்றை அழுத்தினார். அது கேரவனின் மின்பிரேக்கை மட்டும் தனியாக இயக்கும் கட்டுப்பாடு. கேரவன் தன் சக்கரங்களைத் தானே பிடித்துக்கொண்டு காரைப் பின்னால் இழுத்தது. இழுபட்டதும் கயிறு விறைப்பதுபோல இரண்டு வண்டியும் ஒரே கோட்டுக்கு வந்தன. கண்ணாடியில் மறுபடி வெள்ளைக் கோடு. அக்கா பேச்சை நிறுத்திவிட்டுக் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். “ஒண்ணும் இல்ல” என்றார் அத்தான். வண்டியை 70-க்குக் கொண்டுவந்து அடுத்த நிறுத்துமிடத்தில் ஒதுக்கினார்.

காரின் பிரேக்கை அழுத்தமாக மிதித்திருந்தால்? கார் வேகம் குறையும், இரண்டரை டன் பின்னாலிருந்து அதைத் தள்ளும். கோணலாக நிற்கும்போது தள்ளினால் கார் மடங்கித் திரும்பிவிடும். ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கைத் திருப்பினால், மனிதக் கை எப்போதும் அரைநொடி தாமதமாகத்தான் வரும். அந்தத் தாமதம் ஆட்டத்துக்கு ஊட்டமாகிவிடும். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று சிலர் இன்னமும் சொல்கிறார்கள். ஒரு கணம் நேரானதுபோல் தோன்றலாம். ஆனால் அந்த வேகம் ஆபத்தான எல்லைக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோய் விடும். இந்த யோசனையை நம்ப வேண்டாம்.

நிறுத்துமிடத்தில் அத்தான் மூக்குக் கனத்தை அளக்கும் கருவியை எடுத்தார். உருளை வடிவத்தில் ஒரு சாண் உயரம், பக்கத்தில் சிறு அளவுமுள். கேரவனைக் கழற்றி, கொண்டியைக் கருவிமேல் மெதுவாக இறக்கினார். முள் 205-இல் நின்றது. புறப்படும்போது 260. ஒரு பொருளையும் நாங்கள் இடம் மாற்றவில்லை. 55 கிலோ எங்கே போயிற்று?

தண்ணீர்தான். நல்லார்பரில் நல்ல தண்ணீர் கிடைப்பது அரிது என்பதால் எல்லோரும் தொட்டி நிறையக் கொண்டுபோவார்கள். எங்கள் கேரவனில் 95 லிட்டர் நல்ல தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு முன்னால் இருக்கிறது. பாத்திரம் கழுவி, குளித்து, அது காலியாகிவிட்டது. கழுவிய தண்ணீரைக் கண்ட இடத்தில் விடக் கூடாது என்று சேர்த்து வைக்கும் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. அது நிரம்பிவிட்டது. மொத்த எடை கிட்டத்தட்ட அப்படியே இருக்க, ஏறத்தாழ நூறு கிலோ சத்தமில்லாமல் முன்னிருந்து பின்னுக்கு நடந்து போயிருக்கிறது. பத்து சதவீதம் எட்டாகிவிட்டது. அமைதியான நாளில் அந்த எட்டும் போதுமாக இருந்திருக்கும். அன்றைய காற்றுக்கும் லாரிக்கும் போதவில்லை.

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எடைமேடைச் சீட்டு புறப்பட்ட நாளின் கணக்கு. பாரம் பயணத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும். கேரவனின் பின்பெட்டியில் இருந்த ஜெனரேட்டரையும் கருவிப்பெட்டியையும் எடுத்து அச்சுக்குச் சற்று முன்னால் தரையில் வைத்துக் கட்டினோம். முள் 230-ஐத் தாண்டியது. கழிவுநீர் கொட்டுவதற்கென்று ஒதுக்கிய இடம் வந்ததும் பின்தொட்டியைக் காலிசெய்தோம். அத்தான் காரின் பின்டயர்க் காற்றையும் பார்த்தார். பாரம் ஏறிய பின்டயரில் காற்று குறைந்திருந்தால், டயரின் பக்கச்சுவர் நெளிந்து கார் தானே வாலை ஆட்டும்.

மடுராவில் மலையேற்றத்துக்கு முன்னால் டீசல் நிரப்ப நின்றோம். பக்கத்து பம்ப்பில் ஏர் தீபகற்பத்துக் கோதுமை விவசாயி ஒருவரும் அவர் மனைவியும். அவர்கள் கேரவன் எங்களுடையதைவிடச் சிறியது, பதினாறு அடிதான் இருக்கும். அதன் பின்னால் ஒன்றுமே மாட்டவில்லை. உபரிச் சக்கரத்தைக்கூட வண்டிக்கு அடியில் அச்சுக்குப் பக்கத்தில் பொருத்தியிருந்தார். எங்கள் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஆடிய பிறகு என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஏற்றும்போது என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை.”

அவரோடு அரைமணி நேரம் பேசியதில் எஸ்யூவிகளைப் பற்றி எனக்கு ஒரு தெளிவு வந்தது. உயரமான, அகலமான, டீசல் இன்ஜின் வண்டி என்றால் எதையும் இழுக்கும் என்று நினைக்கிறோம். இழுக்கும், சந்தேகமில்லை. இழுப்பது வேறு, நேராக வைத்திருப்பது வேறு. அத்தானின் பிராடோ காருக்கு 3,000 கிலோ வரை இழுக்க அனுமதி உண்டு. ஆனால் அதன் சொந்த எடை சுமார் 2,350 கிலோதான். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2.79 மீட்டர். குமிழ் பின்அச்சிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி நிற்கிறது. அந்தக் குமிழில் 260 கிலோ அழுத்தினால், ஏற்றம்போட்டதுபோல் முன்சக்கரத்திலிருந்து நூறு கிலோ அளவுக்குக் கழன்றுவிடும். ஸ்டியரிங் இலகுவாவது இதனால்தான். அந்த 260 காரின் சொந்தச் சுமைக் கணக்கிலும் சேரும். பிராடோவின் உச்ச மொத்த எடை 2,990 கிலோ. நான்கு பேர், பெட்டிகள், கூரைமேல் கூடாரம், முன்னால் எஃகுத் தடுப்பு என்று சேர்த்தால், கேரவன் வரம்புக்குள் இருக்கும்போதே கார் வரம்பைத் தாண்டிவிடும். இந்தக் கணக்கைப் போடாமல்தான் பலர் சாலைக்கு வருகிறார்கள். இங்கிலாந்தில் புதிதாக ஓட்டுபவர்களுக்கு ஒரு பழைய அறிவுரை உண்டு: கேரவன் எடை, காரின் எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கட்டும். சட்டம் அதைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டால், விளம்பரத் தாளில் அச்சிட்டிருக்கும் இழுவை எடையைவிட அந்த அறிவுரை மேல்.

முன்சக்கரத்தின் கனத்தை மீட்க, வில்கம்பிகள் கொண்ட கொண்டி ஒன்று இருக்கிறது. காரின் முதுகை நிமிர்த்தி, பாரத்தில் ஒரு பங்கை முன்அச்சுக்கும் இன்னொரு பங்கைக் கேரவன் அச்சுக்கும் திருப்பி அனுப்பும். நல்ல கருவி. ஆனால் பின்பாரமாக ஏற்றிய வண்டியை அது திருத்தாது. சில கார்களின் கையேடே அதைப் பொருத்தக் கூடாது என்கிறது. படித்துப் பார்க்க வேண்டும். இப்போது புதுக் கார்களில் பின்வண்டி ஆடுவதை உணர்ந்து தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் போடும் மின்னணுக் கட்டுப்பாடு வருகிறது. கேரவனிலேயே பொருத்தும் கருவியும் உண்டு. ஆட்டம் தொடங்கியதும் அதன் பிரேக்கைத் தானே இயக்கும். மனிதக் கையைவிட விரைவானவை. பணம் இருந்தால் பொருத்திக்கொள்ள வேண்டியவை. அவற்றை நம்பி வேகத்தைக் கூட்டினால் பயன் இல்லை. டயருக்கும் சாலைக்கும் இடையில் உள்ள பிடிப்புக்குமேல் எந்தக் கருவியும் விசை உண்டாக்க முடியாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவுக்கு மேல் என்றால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும். கொண்டி அறுந்தாலும் தானே பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் நிற்க வேண்டும். வண்டிக்கு இவ்வளவு விதிகள். ஓட்டுபவருக்கோ சாதாரணக் கார் உரிமம் போதும். இருபதடிக் கேரவனை வாழ்க்கையில் முதன்முறையாகக் கோத்துக்கொண்டு அன்றே நெடுஞ்சாலையில் ஏறலாம். இது சரியில்லை என்பது என் கருத்து. ஒரு நாள் பயிற்சியாவது கட்டாயமாக வேண்டும்.

மடுரா ஏற்றம் ஏறினால் மறுபடி மேட்டுநிலம். காக்லபிடி கடந்து கைகூனா. அங்கே ஒரு பலகை: அடுத்த 146.6 கிலோமீட்டருக்கு வளைவு கிடையாது. தொண்ணூறு மைல் நேர்சாலை என்று புகழ்பெற்றது. வழியில் சாலையையே ஓடுபாதையாக வரைந்து வைத்திருக்கிறார்கள். பறக்கும் மருத்துவர்களின் விமானம் அவசரத்துக்கு அங்கே இறங்கும். அதன் வெள்ளைக் கோடுகளின்மேல் ஓடும்போது, இங்கே ஒரு வண்டி கவிழ்ந்தால் உதவி எங்கிருந்து, எவ்வளவு நேரம் கழித்து வரும் என்று யோசிக்காமல் இருக்க முடியாது. அன்று காற்று கிழக்கிலிருந்து முதுகில் அடித்தது. இரண்டு தொடர்லாரிகள் கடந்தன. இரண்டு முறையும் ஒரே ஒரு அசைவு, பிறகு அமைதி. வண்டி அதே வண்டி. பாரம் மட்டும் தன் இடத்தில் இருந்தது.

நேர்சாலை முடிந்து பாலடோனியா. 1979-இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தின் துண்டுகள் இந்த வட்டாரத்தில்தான் விழுந்தன; ரோடுஹவுஸில் அதற்கொரு சிறு காட்சியகம் உண்டு. அங்கிருந்து யூகலிப்டஸ் காடுகளுக்கு ஊடாக நார்ஸ்மன். காட்டுக்குள் நுழைந்ததும் காற்று விட்டுவிட்டது.

ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் நம்மவர்கள் பலர் விடுமுறைக்குக் கேரவன் வாடகைக்கு எடுக்கிறார்கள். வாங்கவும் தொடங்கியிருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லாவற்றையும் ஏற்றி முடித்த பிறகு, புறப்படுவதற்கு முன், வண்டியை ஒரு பொது எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். கோத்தபடி ஒன்று, கழற்றி ஒன்று என இரண்டு சீட்டு வாங்குங்கள். தண்ணீர்த் தொட்டிகள் அச்சுக்கு முன்னா பின்னா என்று குனிந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கேரவன் பிரேக்கைத் தனியாக இயக்கும் குமிழ் எங்கே இருக்கிறது என்று, வண்டி ஓட்டாதவர் உட்பட எல்லோரும் தெரிந்துகொண்டு, ஆளில்லாத சாலையில் மெதுவாகப் போய் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். இதற்கு ஆகும் நேரம் ஒரு காலைப்பொழுதுதான்.